மூன்று நாள் பெருக்காத வீடு

ஒரே ஒரு பக்கம் எழுதினால் போதும் என்கிறார்கள். ‘இந்த ஓராண்டில் நான் எப்படி வளர்ந்தேன்’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள், கடைசித் தேதி ஜூன் இருபது என்று சிவப்பில் போட்டும்விட்டார்கள். என்னை டென்மார்க்குக்கு அனுப்பிவைத்த மாணவர் பரிமாற்ற அமைப்புக்காரர்கள் தங்கமானவர்கள்தான், ஆனால் அவர்கள் யார் வீட்டிலும் என் வீட்டில் நடந்தது நடந்திருக்காது, நடந்திருந்தால் இப்படி ஒரு தலைப்பைக் கொடுக்க அவர்களுக்கு மனசு வந்திருக்காது. மூன்று வாரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் வரியைத் தாண்டவில்லை.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் அம்மன் பெயர் அதுதான் என்பதால் எங்கள் வகுப்பிலேயே மூன்று செண்பகவல்லி உண்டு, நான் டெய்லர் வீட்டு செண்பகவல்லி. டெய்லர் என்றால் என் அம்மா, தங்கபுஷ்பம். நான் ஆறாவது படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அதிலிருந்து வீட்டில் நாங்கள் ரெண்டே பேர், ஒரு தையல் மிஷின், ஒரு பாய். அம்மா சட்டை தைத்துக் கொடுக்காத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. யாருக்குத் தைத்தாலும் பக்கவாட்டில் உள்ளே ரெண்டு இஞ்ச் துணி மடக்கி விட்டுத்தான் தைப்பாள், ‘வளருத பிள்ளை, பிறகு பிரிச்சுக்கிடலாம்’ என்பாள், அதனாலேயே எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒரே சட்டையை மூன்று தீபாவளிக்குப் போட்டவர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் படி இறங்கினதும் வீட்டைப் பெருக்கக் கூடாது. போய்ச் சேர்ந்தேன் என்று தகவல் வந்த பிறகுதான் வாரியலைத் தொடலாம். ஆள் போன கையோடு பெருக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பிணம் எடுத்த வீட்டில்தான். அப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் சொந்தக்காரப் பெண்கள் வீட்டைப் பெருக்கிக் கழுவிவிட்டதை அம்மா பார்த்திருக்கிறாள், அவர் காலையில் உட்கார்ந்து எழுந்த தடம்கூட இல்லாமல் தரை பளிச்சென்று ஆகிவிட்டதைப் பார்த்து அழுதிருக்கிறாள். ஆகவே ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ் ஏறியபோது அம்மா வாரியலை எடுத்துக் கதவுக்குப் பின்னால் தலைகீழாக நிறுத்திவைத்தாள், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, அதுவரைக்கும் தொட மாட்டேன் என்றாள்.

நான் சனிக்கிழமை மாலையே போய்ச் சேர்ந்துவிட்டேன். இங்கே எனக்கு அம்மாவாக வாய்த்தவள் பிர்த்தே, பஸ் ஓட்டுகிறவள், அறுபது வயசு, வாட்டசாட்டமான உடம்பு, அவளோடு ஒரு கிழட்டு நாய். எனக்கு மாடியில் ஓர் அறை கொடுத்தாள், கம்பளிப் போர்வை கொடுத்தாள், கறுப்பு ரொட்டி கொடுத்தாள். என் போனிலோ சிக்னல் இல்லை. வைஃபை வேண்டும், அதற்கு பாஸ்வேர்டு வேண்டும், பாஸ்வேர்டு என்ன என்று அவளிடம் கேட்க வேண்டும். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. வந்ததும் வராததுமாக அதைக் கேட்டால் என்ன நினைப்பாளோ, நாளைக்குக் கேட்கலாம், சாப்பிட்டு முடித்ததும் கேட்கலாம், அவள் வேலைக்குப் போய்விட்டு வந்ததும் கேட்கலாம் என்று மாடிப்படியில் இறங்குவதும் நாயைப் பார்த்துப் பயந்து ஏறுவதுமாக இருந்தேன். பிர்த்தே என்ன கண்டாள், பதினாறு வயதுப் பிள்ளை தன் அம்மாவிடம் பேசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அமைப்புக்காரர்கள் என் பள்ளிக்குத் தகவல் அனுப்பினார்கள், பள்ளிக்கோ தொடர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு. இப்படியாக, பதினாறு வயதுக் கழுதை ஒன்று ஒரு சின்னக் கேள்வி கேட்க வெட்கப்பட்டதால், கோவில்பட்டியில் ஒரு வீடு மூன்று நாள் பெருக்காமல் கிடந்தது.

டெய்லர் வீடு மூன்று நாள் பெருக்காமல் கிடந்தால் என்ன சேரும் என்று உங்களுக்குத் தெரியாது. அறுத்த நூல் சேரும், வெட்டிய துணி சேரும், சாக்பீஸ் தூள் சேரும், நான் கிளம்பும் அவசரத்தில் சீவி உருட்டிப் போட்ட முடி அதில் சேர்ந்தது, தலையில் வைத்து உதிர்ந்த பிச்சிப்பூ சேர்ந்தது, நான் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் சிந்திய நாலு பருக்கை காய்ந்து அதோடு சேர்ந்தது. எல்லாம் மிஷின் காற்றுக்கு நகர்ந்து நகர்ந்து, நான் வழக்கமாகப் படுக்கிற சுவரோரத்துக்குப் போய், நீளவாக்கில் படிந்தது. நாலாம் நாள் காலையில் அம்மா பால் காய்ச்சிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அங்கே நான் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேனாம். அம்மா இன்னொரு டம்ளர் காப்பி ஆற்றினாள்.

அன்றைக்கு மத்தியானம்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிர்த்தேயிடம் பாஸ்வேர்டு கேட்டேன். போன் பண்ணி, ‘அம்மா, நான் பத்திரமா வந்து சேந்துட்டேன்’ என்று அழுதேன்.

‘ஏட்டி, எதுக்கு அழுத? நீ இங்கனதான இருக்க. இப்பதான் ரெண்டு தோசை சாப்பிட்ட’ என்றாள் அம்மா.

இனி பெருக்க முடியாதே. பெருக்கினால் அந்தக் குப்பையிலிருந்து எழுந்தவள் போய்விடுவாள். ஆகவே அந்தச் சுவரோரத்தை மட்டும் விட்டுவிட்டு மீதி வீட்டைப் பெருக்க அம்மா பழகிக்கொண்டாள்.

தெருவும் பழகிக்கொண்டது. எதிர்வீட்டு மாரித்தங்கம் அக்கா முதல் நாள் வந்து பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள், கொஞ்சம் துணி மாதிரி இருக்கு, மத்தபடி நம்ம செண்பகம்தான் என்று சொல்லிவிட்டு இட்லி மாவு கடன் வாங்கிக்கொண்டு போனாள். தெருநாய்கள் மட்டும் அவளைப் பார்த்துக் குரைக்கவில்லை, வாசமே இல்லாத ஆளை நாய் என்னவென்று குரைக்கும் என்று அதற்கும் தெருவே காரணம் சொல்லிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ரெண்டாவது பெஞ்சில் போய் அவள் உட்கார்ந்தபோது வகுப்பு டீச்சர் திகைத்து ஹெச்.எம்மிடம் ஓடினார், ஹெச்.எம். எட்டிப் பார்த்துவிட்டு, வராத பிள்ளைக்குத்தான் லீவு கொடுத்திருக்கிறோம், வந்திருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட் போட எனக்கு அதிகாரம் கிடையாது, ஆனால் பென்சிலில் போடுங்கள் என்றார். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் ஒரே தடவைதான் பெயர் சொன்னார், ரெண்டு பேருக்கும் ஒரே நட்சத்திரம்தானே, சேர்ந்துவிடும் என்றார்.

போகப் போகத்தான் எல்லாருக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. கூப்பிட்டால் வருவாள், கொடுத்தால் சாப்பிடுவாள், கேட்டால் சரி என்பாள். எந்தப் பரீட்சை வைத்தாலும் நான் கடைசியாக வாங்கியிருந்த அதே எழுபத்தொன்றை வாங்குவாள். வாசலில் நான் கிளம்பின அன்று போட்ட அதே ஆறு புள்ளிக் கோலத்தை, ஒரு கோடு கூடாமல் குறையாமல், தினமும் போடுவாள். முன்னைக்கு இப்போ எவ்வளவு அடக்கம் என்று தெருவே பேசிக்கொண்டது, என்னமோ நான் முன்னால் ஊரைத் தீ வைத்துக் கொளுத்தினவள் மாதிரி. மாரித்தங்கம் அக்கா, நான் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாமல், ‘இவ இருக்கட்டும் புஷ்பம், அவ வேணும்னா அங்கனயே இருந்துக்கிடட்டும்’ என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

தீபாவளிக்கு அம்மா பாவாடை தாவணி தைத்தாள், வீட்டில் இருக்கிறவள் அளவுக்கு. பொங்கலுக்குச் சுடிதார் தைத்தாள், அவள் அளவுக்கு. ‘உன் அளவு மாறவே இல்லட்டி, நோட்டைப் பாக்காமலே வெட்டுதேன், உள்ள துணி விடுத வேலைகூட இல்ல’ என்று என்னிடமே பெருமையாகச் சொன்னாள். நான் நல்லது அம்மா என்றேன்.

அளவு மாறிக்கொண்டிருந்தவள் நான்தான். இந்த ஊரில் கடல் மூன்று பக்கமும் இருக்கிறது, காற்று நாலு பக்கமும் இருக்கிறது, அந்தக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போனதில் தொடை பெருத்தது, தோள் விரிந்தது, செருப்பு ரெண்டு சைஸ் ஏறியது. நவம்பரில் ஈரத் தலை காயாமல் சளி பிடித்ததும் கத்திரிக்கோலை எடுத்து இடுப்பு வரைக்கும் இருந்த முடியைக் காது வரைக்கும் நானே வெட்டிவிட்டேன், பிர்த்தே பின்பக்கம் சரிபண்ணிக் கொடுத்தாள். அம்மாவோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு குளிருது குளிருது என்பேன், மே மாதத்திலும் குளிருது என்றேன், அவளும் நம்பினாள். கிழட்டு நாய் என் காலடியில் படுக்க ஆரம்பித்தது. வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன், சோற்றுத்தட்டில் ஆரம்பித்து வகுப்பறை வரைக்கும் வேண்டாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை, நீங்கள் சொல்வது தப்பு என்று ஆசிரியர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் அளவுக்கு வந்தேன், முதல் தடவை சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன் என்றாலும் சொன்னேன். ஏப்ரலில் கடலுக்குள் நீட்டியிருக்கிற மரப்பாலத்தின் நுனியிலிருந்து பச்சைத் தண்ணீருக்குள் குதித்தேன், நீச்சல் தெரியாத டெய்லர் வீட்டு செண்பகவல்லி. குரல்கூடப் பெரிதாகிவிட்டது என்று எனக்கே தெரிகிறது.

இதையெல்லாம்தான் ஒரு பக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள். எழுதிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றாக எழுத எழுத, அங்கே பென்சிலில் ஆஜர் வாங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையை விட்டு ஒவ்வொரு அடி தள்ளிப் போகிறேன், அம்மாவுக்கு அந்தப் பிள்ளையைத்தானே தெரியும், அந்தப் பிள்ளைதானே பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். இந்தப் பதினோரு மாதத்தில் அம்மா ஒரு தடவைகூட நீ எப்போ வருவே என்று என்னைக் கேட்டதில்லை. எதற்குக் கேட்கப் போகிறாள்? பிர்த்தேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை, என் பஸ்ஸிலும் அப்படி ஒருத்தன் இருபது வருஷமாக இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான், வேறு ஆள் ஏறாத ஞாயிற்றுக்கிழமைகூட அவனுக்காக வண்டி எடுக்கிறேன் என்றாள். ‘ஆனால் உன் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, வரப்போவதாக’ என்றாள்.

ஜூன் மாதம் முதல் ஞாயிறு போன் பண்ணினேன். ‘அம்மா, இருவத்தெட்டாம் தேதி வாரேன்’ என்றேன்.

மிஷின் ஓடும் சத்தம் நின்றது. பிறகு அம்மா சின்னக் குரலில், ‘எங்கனட்டி படுப்ப?’ என்றாள்.

சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரு பாய், இடமும் அவ்வளவுதான், அம்மா கேட்டது நியாயமான கேள்வி. எனக்கோ வராதே என்று சொன்னதுபோல் கேட்டது. நான் தரையில் படுத்துக்கிடுதேன் என்றேன். அடுப்படியில் படுத்துக்கிடுதேன் என்றேன். அப்பா செத்தபோது அழுததற்குப் பிறகு அவ்வளவு அழுததில்லை. அழுதுகொண்டே, ‘போனை அவட்ட குடு’ என்றேன், அதுவரைக்கும் நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை.

‘நல்லா இருக்கியா?’ என்றேன்.

‘நல்லா இருக்கேன்.’ என் பழைய குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருகிறாற்போல் அவ்வளவு மெதுவாக.

திட்டலாம் என்றுதான் போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். என் பாயை விட்டு எழுந்திரு, என் அம்மாவைக் கொடு என்று கத்தலாம் என்றுதான் நினைத்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் முடியவில்லை. ‘உனக்கு ஏதாவது வேணுமா?’ என்றேன்.

‘ஒண்ணும் வேண்டாம்’ என்றாள். அப்புறம், ‘நீ பாஸ்வேர்டு கேட்டியா?’ என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. பாவி மகள், பதினோரு மாசமாக அந்த மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள். கேட்கலாமா வேண்டாமா, என்ன நினைப்பாளோ, நாளைக்குக் கேட்கலாமே என்று, தோசை தின்னும்போதும் கோலம் போடும்போதும் எழுபத்தொன்று வாங்கும்போதும் அந்த ஒரே பயத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

‘கேட்டுட்டேன்’ என்றேன்.

‘என்ன சொன்னாங்க?’

‘ஒண்ணும் சொல்லல. சிரிச்சாங்க. இதுக்கா மூணு நாளு நின்னன்னு கேட்டு, ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தாங்க. கோவிக்கவே இல்லட்டி.’

‘நெசமாவா?’

‘செண்பகவல்லி அம்மன் சத்தியமா.’

அவள் சிரித்தாள். பதினோரு மாதத்தில் அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை என்று பிறகு அம்மா சொன்னாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் அம்மா போனை எடுக்கவில்லை. பத்து நாளும் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுதினால் அமைப்புக்காரர்கள் என்னை டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். பெட்டி கட்டினேன், கட்டியதைப் பிரித்தேன். இங்கேயே இருந்துவிடட்டுமா என்று பிர்த்தேயிடம் கேட்டேன், அவள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டாள். கண்ணாடியில் என் தோளைப் பார்க்கப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது, வாசலில் போய் நின்றால் அம்மா ‘யாரும்மா, என்ன தைக்கணும்’ என்று கேட்பாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அம்மாவே வீடியோவில் கூப்பிட்டாள். இந்த வருஷத்தில் அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

‘பெருக்கிட்டேன்’ என்றாள்.

எதை என்று எனக்குத் தெரியும்.

‘அன்னைக்கு உன்ட்ட பேசுனதுல இருந்து சிரிச்ச முகமாவே இருந்தா. நேத்துக் காலைல கோலத்தை மாத்திப் போட்டா. நான் ராத்திரி அவ கையை எடுத்துப் பாத்தேன். பதினோரு மாசமா நான் இவளுக்கு ஒரு நகம் வெட்டலட்டி. உனக்கு வாரா வாரம் வெட்டுவேன், நீ கத்துவ. இவளுக்கு வளரவே இல்ல. அதைப் பாத்ததும்தான் நெனச்சேன். என் பிள்ளைக்கு அங்கன யாரு நகம் வெட்டுதா, எம்புட்டு வளந்திருக்கோ, ஒண்ணுமே நான் கேக்கலியேன்னு.’ அம்மா மூக்கை உறிஞ்சினாள். ‘இன்னைக்குக் காலைல அவளே போயி கதவுக்குப் பின்னால இருந்து வாரியலை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தா. போயிட்டு அந்தச் சொவரோரம் படுத்துக்கிட்டா. என்னால முடியலட்டி. உங்கப்பாவைக் கொண்டு போனப்ப பெருக்குனதுதான் கண்ணுல நிக்கி. ஆனா பெருக்கிட்டேன்.’

‘எவ்வளவு இருந்துச்சு?’ என்றேன். இதையா கேட்பார்கள்? இதைத்தான் கேட்டேன்.

‘ஒரு மொறம். நூலு, துண்டுத் துணி. முடிதான் நெறைய. இடுப்பு நீளத்துக்கு.’

ரெண்டு பேரும் அழுதோம். எனக்காகப் பயந்த ஒரே ஒரு ஆள் அவள், என்னைவிடப் பயந்த ஒரே ஒரு ஆளும் அவள்தான், இனிமேல் அந்த ஆறு புள்ளிக் கோலத்தை அச்சுப் பிசகாமல் போட இந்த உலகத்தில் யாரும் கிடையாது. இருந்தும் அம்மாவே முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிஷின் மேல் நோட்டை விரித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

‘அளவு சொல்லு’ என்றாள். ‘வாரப்ப போடதுக்கு ஒண்ணு தைக்கணும்.’

பிர்த்தேயைக் கூப்பிட்டேன். அவள் கருவிப் பெட்டியிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து வந்தாள், அம்மா அதைப் பார்த்து, ‘அதென்ன, கட்டடமா கட்டப் போறா?’ என்றாள், அப்புறம் கம்பளி பின்னும்போது அளக்கிற துணி டேப் ஒன்று கிடைத்தது. அளப்பதற்குச் சால்வையை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன். அம்மா போனைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.

‘அடிப்பாவி, முடியை என்னட்டி பண்ண?’

‘வெட்டிட்டேன். நானேதான் வெட்டுனேன்.’

திட்டினாள். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள், பிர்த்தே ஒரு வார்த்தையும் புரியாமல் டேப்பைப் பிடித்தபடி நின்றாள், நாய் எழுந்து உட்கார்ந்து கேட்டது. இந்தப் பதினோரு மாதத்தில் அம்மா என்னைத் திட்டியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டி முடித்து, தண்ணீர் குடித்து, தோளு என்றாள். பதினஞ்சரை என்றேன். ‘பதினாலா?’ என்றாள். பதினஞ்சரைம்மா என்றேன். ம் என்று எழுதினாள். கை, ம். மார்பு, ம். இடுப்பு, ம். உயரம் சொன்னபோது பென்சில் நின்றது, பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், அதன் மேல் ஒரு கோடு இழுத்தாள், ம் என்றாள். ஒவ்வொரு எண்ணையும் அவள் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருக்கிறது, முகத்தில் தெரிந்தது.

‘ஏட்டி, இந்த அளவு நிக்குமா?’ என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். நிக்கும்மா, இனிமே மாற மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

‘தெரியலம்மா’ என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள், கடைசி வரிக்குக் கீழே எதையோ எழுதினாள்.

‘அப்ப உள்ள ரெண்டு இஞ்ச் விடுதேன்’ என்றாள்.